ஐந்நூற்றில் ஏழு

என் மனைவி கமருன்னிசாவைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும், "என்னைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டாள். பதினைந்து வருஷமாகத் தினமும் காலையில் பாலக்கரையிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் அவளைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து மிதித்துக்கொண்டு போகிறவன் நான். முந்தின நாள் ஆஸ்பத்திரியில் நடந்தது எல்லாவற்றையும் அந்த வழியில் என் முதுகிடம்தான் சொல்லுவாள். ஆகவே அவளைப் பற்றி எனக்குத் தெரியாவிட்டாலும் என் முதுகுக்குத் தெரியும்.

"சரி, எழுதிட்டுக் காட்டுங்க. தப்பு இருக்கும். திருத்தித் தரேன்" என்றாள். எனக்குத் தப்பு வரும் என்பதில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. தனக்கு வராது என்பதில் அதைவிட அதிகம்.

அவளுடைய அத்தா ஷேக் தாவூது தோல் மண்டியில் வேலை பார்த்தவர். எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த முதல் பெண் கமரு. முடித்ததோடு நிற்காமல், மெட்ராஸில் ஒரு வருஷம் லேப் படிப்பும் படித்துவிட்டு வந்தாள். 1952-இல் இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதையும் திருத்துவாள். முக்காட்டுக்கு மேலே வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு அவள் முதல் நாள் தெருவில் நடந்தபோது ஜன்னல்கள் எல்லாம் திறந்தன என்பார்கள். அடுத்த வருஷம் எனக்கு அவளைப் பேசினார்கள். சைக்கிள் கடை நஜிமுதீனுக்கு இப்படி ஒரு பெண்ணா என்று ஊர் வாயைப் பிளந்தது. நானும் சேர்ந்துதான் பிளந்தேன்.

அவள் வேலை இதுதான்: நோயாளியின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடிச் சில்லில் மெல்லிசாகத் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. சிவப்பு அணு, வெள்ளை அணு, மலேரியாக் கிருமி என்று எது எவ்வளவு இருக்கிறதோ எண்ணி எழுதுவது. மைக்ராஸ்கோப்புக்கு ஜன்னல் வெளிச்சம் வேண்டும். அதனால் மேகம் மூடினால் வீட்டுக்கு வந்து என்னிடம் எரிந்து விழுவாள்.

எண்ணுவதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். வீட்டில் பழைய தஸ்பீஹ் மணிமாலை ஒன்று இருந்தது. தொழுகை முடிந்து திக்ரு எண்ணும்போது உருட்டுவோமே, அதுதான். தலைமணியோடு சேர்த்து நூறு. கண் மைக்ராஸ்கோப்பில் இருக்கும், இடது கை மாலையை உருட்டும். ஒரு அணுவுக்கு ஒரு மணி. ஒரு சுற்று வந்தால் நூறு. தனியாகக் கணக்கு வைக்க வேண்டிய அணு வந்தால் வலது கை ஒரு புளியங்கொட்டையை எடுத்துத் தட்டில் போடும். அவள் அம்மா, "அல்லாஹ்வை நினைக்கிற மணியில சீக்காளி ரத்தத்தை எண்ணுறியே" என்று சத்தம் போட்டார்கள். "இதுவும் அவன் படைச்சதுதாம்மா. நான் படைச்சேன்னா சொல்றேன்?" என்றாள் இவள். அதற்கு மேல் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

பத்து வருஷத்தில் அவள் கொடுத்த ரிப்போர்ட் ஒன்றைக்கூடத் திரும்ப வாங்கியது கிடையாது. ஒரு தடவை புதிதாக வந்த டாக்டர் ஒருவர், மலேரியா என்று அவள் எழுதியதை நம்பாமல் "மறுபடி பார்க்கவும்" என்று எழுதி அனுப்பினார். "மறுபடி பார்த்தேன். அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது" என்று எழுதித் திருப்பி அனுப்பினாள். காரணம், விளக்கம் என்று பேசுவதெல்லாம் அவளிடம் கிடையாது. சொன்னால் சொன்னதுதான். வீட்டிலும் அப்படித்தான் என்பதை இங்கே எழுதினால் அடித்துவிடுவாள், எழுதவில்லை.

1962-இல் பிச்சமுத்து வந்தான். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வயது இருபத்து மூன்று. பல் ஈறில் ரத்தம் கசிகிறது, காய்ச்சல் விடவில்லை என்று வந்தவனுடைய ரத்தத்தைப் பார்த்துவிட்டு, கமரு மறுநாள் காலை சைக்கிளில் இரண்டே வார்த்தைதான் சொன்னாள். ரத்தப் புற்றுநோய். எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜைதான் ரத்தம் ஊறுகிற இடம். அந்த இடத்திலேயே கெட்ட அணுக்கள் முளைத்து நல்லதற்கு இடமில்லாமல் செய்துவிடும். வெளிநாட்டு மாத்திரை ஒன்று உண்டு. அது நோயை அடக்கிவைக்கும், அழிக்காது. எட்டு மாதம் அடக்கியது. கார்த்திகை மாதம் நோய் திரும்பிவிட்டது.

அவனுக்கு அப்பா, அம்மா இல்லை. உப்பிலியபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் வாக்கப்பட்டிருந்த அக்கா வீராயிதான் எல்லாம். தம்பியைவிட ஆறு வயது மூத்தவள். இடுப்பில் தூக்கி வளர்த்தவள். நோய் திரும்பியது என்று தெரிந்ததும் நடவு வேலையைப் போட்டுவிட்டு பஸ் ஏறி வந்தவள், வார்டு வராந்தாவிலேயே சாக்கை விரித்துக்கொண்டாள்.

வார்டின் பெரிய டாக்டர் சடகோபன் ஸ்ரீரங்கத்துக்காரர். லண்டனில் மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அவர் ஒரு யோசனை சொன்னார். கடுமையான மருந்து கொடுத்து பிச்சமுத்துவின் கெட்டுப்போன மஜ்ஜையை முடிந்தவரை அழித்துவிடுவது. பிறகு கூடப்பிறந்தவளின் இடுப்பெலும்பிலிருந்து நல்ல மஜ்ஜையை ஊசியால் எடுத்து இவனுடைய ரத்தக்குழாயில் விடுவது. அது தானாகவே எலும்புக்குள் போய் வேர் பிடித்தால் இவன் பிழைப்பான். பிடிக்காவிட்டால், கடுமையான மருந்தில் நோய் ஒடுங்கியிருக்கும்போதே பழையபடி மாத்திரையை ஆரம்பிக்க வேண்டும். வெளிநாட்டிலேயே இது அநேகமாகப் பிடிப்பதில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

வீராயிக்கு இது ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. "நாத்தங்காலுல இருந்து பறிச்சு வேற வயல்ல நடுற மாதிரிதானுங்க? எடுத்துக்குங்க. நான் நட்டது எதுவும் பிடிக்காமப் போனதில்ல" என்றாள். பிச்சமுத்துதான், "அக்காவோடது உள்ள வந்தா நானும் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் பேசிக்கிட்டே இருப்பேனா டாக்டர்?" என்று கேட்டான். அந்த நிலைமையிலும் அவனுக்குக் கேலி வந்தது.

மார்கழி முதல் வாரத்தில் மஜ்ஜையை எடுத்து விட்டார்கள். இனிமேல் அது பிடித்ததா இல்லையா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் என் மனைவி வருகிறாள்.

டாக்டர் கொடுத்த ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் அவள் படித்திருந்தாள். பெண்களின் வெள்ளை அணுக்கள் சிலவற்றில், நடுவில் இருக்கிற ஊதாக் கொத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். மேளம் அடிக்கிற குச்சி மாதிரி, முனையில் உருண்டை. ஆண்களுடையதில் அது இருக்காது. ஐந்நூறு எண்ணினால் ஆறுக்குக் குறையாமல் குச்சி இருந்தால் அது பெண் ரத்தம். பிச்சமுத்து ஆண், வீராயி பெண். அவன் விரலிலிருந்து எடுத்த ரத்தத்தில் குச்சி தெரிந்தால் அக்காவின் மஜ்ஜை வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். இந்த வழியை டாக்டரிடம் சொன்னதே கமருதான். அவர் அசந்துபோனார். அதை என் முதுகிடம் மூன்று நாள் சொன்னாள்.

புது மஜ்ஜை ஊறுகிற வரைக்கும் அவனுக்கு வெளியிலிருந்து ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதில் பெண்களின் ரத்தம் கலந்தால், குச்சி யாருடையது என்று தெரியாமல் குழம்பிவிடும். அதனால் கமரு ஒரு சட்டம் போட்டாள். ரத்தம் எடுக்கிற அறையில் வேலை பார்த்த பிலோமின்ராஜைக் கூப்பிட்டு, "பிச்சமுத்துவுக்கு ஆம்பளைங்க ரத்தம் மட்டும்தான். பொம்பளைங்க ரத்தம் ஒரு சொட்டு போகக் கூடாது" என்றாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவளிடம் யார் கேட்பது? அவளும் சொல்லவில்லை. கதவில் ஒரு அட்டையில் எழுதியும் ஒட்டிவிட்டாள்.

ஒர்க்‌ஷாப் ஆட்கள் முறைவைத்து வந்து ரத்தம் கொடுத்தார்கள். கிரீஸ் கறை போகாத கையோடு வரிசையில் நின்றார்கள். நானும் ஒரு நாள் கொடுத்தேன். கமரு வாரத்துக்கு இரண்டு தடவை அவன் ரத்தத்தை எடுத்துப் பார்த்தாள். முதல் இரண்டு வாரம் வெள்ளை அணு அவனிடம் இருந்ததே சொற்பம். ஐந்நூறு தேடுவதற்குள் பொழுது போய்விடும். குச்சி ஒன்றுகூட இல்லை. அவள் வார்டுக்குப் போகும்போதெல்லாம் பிச்சமுத்து, "எத்தனை மார்க்கு டீச்சர்?" என்று கேட்பான். "இன்னும் பேப்பர் திருத்தலை" என்பாள்.

வைகுண்ட ஏகாதசி வந்தது. அன்று மத்தியானம் நான் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் வந்து, உங்கள் வீட்டம்மா வரச்சொன்னார்கள் என்றார். பதறிப்போய் மிதித்தேன். லேப் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தட்டில் ஏழு புளியங்கொட்டை.

"ஏழு!" என்றாள். "ஐந்நூறுல ஏழு. பிடிச்சிருச்சு! அல்ஹம்துலில்லாஹ். எனக்குத் தெரியும், பிடிக்கும்னு எனக்குத் தெரியும்."

அவள் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. மாடிப்படியில் அவள் ஓடினாள், பின்னால் நான் ஓடினேன். வார்டில் போய் நின்று, "ஏழு மார்க்கு! பாஸ்!" என்றாள் சத்தமாக. வீராயி அவள் காலில் விழப்போனாள். அன்று கோவில் விசேஷத்தை முடித்துவிட்டு, கூட்டத்தில் நீந்தி எப்படியோ வந்து சேர்ந்த டாக்டர் சடகோபன், நெற்றியில் நாமத்தோடு நின்று ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தார். "பெருமாள் கண்ணைத் திறந்துட்டார்" என்றார். மாத்திரையை இனிமேல் ஆரம்பிக்க வேண்டாம் என்று எழுதினார். அந்த மாத்திரை வளர்கிற அணுவையெல்லாம் கொல்லும். புதிதாக வேர் பிடித்த மஜ்ஜையையும் கொன்றுவிடும். இப்படியே தேறினால் பொங்கலுக்கு ஊருக்குப் போகலாம் என்றும் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து கமரு மறுபடி எண்ணினாள். ஐந்து சுற்று மணி உருட்டியும் தட்டில் புளியங்கொட்டை விழவில்லை. சாயம் சரியில்லை என்று சாயத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கினாள். திரும்பவும் இல்லை. அதற்கு இரண்டு நாள் கழித்து எண்ணினாள். அப்போதும் இல்லை. ஆனால் வெள்ளை அணுக்களின் மொத்த எண்ணிக்கை மட்டும் மளமளவென்று கூடிக்கொண்டே வந்தது.

எல்லாருக்கும் சந்தோஷம். எண்ணிக்கை கூடுகிறது என்றால் மஜ்ஜை ஊறுகிறது என்றுதானே அர்த்தம்? டாக்டரும், "அன்னிக்கு ஏழு பார்த்தேளோன்னோ, அப்புறம் என்ன? ஒருநாள் தெரியும், ஒருநாள் தெரியாது" என்றார். கமருவுக்கு மட்டும் சந்தேகம். அக்காவுடைய மஜ்ஜை ஊறினால் குச்சியும் சேர்ந்துதானே கூட வேண்டும்? ஊறுவது யாருடையது? அழிந்துபோனதாக நினைத்த அவனுடைய பழைய மஜ்ஜையே தலைதூக்குகிறது என்றால், அதோடு நோயும் தலைதூக்கும். மாத்திரையோ கிடையாது. ஒவ்வொரு நாளும் நோய்க்கு ஒரு நாள் சாப்பாடு போட்ட மாதிரி.

"அப்ப அந்த ஏழு எங்கேருந்து வந்துச்சு?" என்று என் முதுகிடம் கேட்டாள். "என் கண்ணு பொய் சொல்லாது. ஏழு இருந்துச்சு." முதுகு என்ன பதில் சொல்லும்?

போகிக்கு முதல் நாள் காலை. அன்று டாக்டர் விடுப்பு. மறுநாள் விடிந்ததும் பிச்சமுத்துவை ஊருக்கு அழைத்துப்போக மாமன் வருவதாக ஏற்பாடு. கமரு கடைசியாக ஒரு தடவை ரத்தம் எடுக்க வார்டுக்குப் போனாள். வீராயி சாக்கைச் சுருட்டி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

"உங்க மேல எனக்குக் கோவம்தாம்மா இருந்துச்சு" என்றாள் வீராயி. "இப்பச் சொன்னா என்ன? அதான் பொழைச்சிட்டானே."

"என்ன கோவம்?"

"பொம்பளை ரத்தம் பலமில்ல, ஆம்பளை ரத்தந்தான் கெட்டின்னு அட்டை எழுதி ஒட்டிட்டீங்கல்ல? நாத்துக்கட்டு சுமந்த உடம்புங்க இது. நாலு புள்ள பெத்தவ நான். என் ரத்தம் என்ன மட்டமா? ஏகாதசி அன்னிக்குக் காலையில ரத்தம் குடுக்குறவரு வரல. ஸ்ரீரங்கத்துக்காரராம், பாலத்துல ஒரே கூட்டம், இந்தப் பக்கம் வர முடியல. தம்பி துவண்டு கெடக்கான். நான்தான் மல்லுக்கட்டி என்னோடதை எடுக்கச் சொன்னேன். அது ஏறின அன்னிக்குத்தானே நீங்க வந்து ஏழு மார்க்குன்னீங்க? பாத்தீங்களா, எது கெட்டின்னு?"

கமருவின் கையில் ஊசி இருந்தது. அதை ஜாக்கிரதையாகத் தட்டில் வைத்தாளாம். படி இறங்கிப் போய் பிலோமின்ராஜின் முன்னால் நின்றாள்.

அவர் மறைக்கவில்லை. "ஆமாம்மா. ரெங்கராஜ்னு ஒர்க்‌ஷாப் ஆளு வரவேண்டியது. பாட்டில்ல அவர் பேரையே எழுதிட்டேன். நீங்க பலம் பார்த்துத்தான் அப்படிச் சொல்றீங்கன்னு நெனச்சோம். ஆஸ்பத்திரி பூரா அப்படித்தான் பேசிக்கிறாங்க. அந்தப் பொம்பளை ஆள் வாட்டசாட்டமா இருக்கு, ஒரு தடவைதானேன்னு..." என்றவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "வேற காரணமா இருந்துச்சாம்மா?"

காலையில் ஏறிய வீராயியின் ரத்தம். மத்தியானம் கமரு எடுத்த சொட்டு. அவனிடம் சொந்தமாக வெள்ளை அணுவே இல்லாத நேரம். அவள் பார்த்த ஐந்நூற்றில் பெரும்பாலும் அக்கா கொடுத்தது. ஒரு நாளில் அது கரைந்துபோய்விட்டது. மஜ்ஜை பிடிக்கவே இல்லை.

பிலோமின்ராஜ் பயந்தது போல அவள் திட்டவில்லை. "தப்பு உங்களுது இல்ல. காரணம் சொல்லாம விட்டது நான்" என்றாளாம். இதை நான் நம்பவில்லை. பிலோமின்ராஜே சத்தியம் செய்து சொன்ன பிறகுதான் நம்பினேன்.

உடனே கடைக்கு ஆள் வந்தது. இருவரும் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினோம். பாலத்தைத் தாண்டும்போது, "ஏங்க, பத்து வருஷத்துல முதல் தடவை" என்றாள். நான், "நாளைக்குச் சொன்னாத்தான் என்ன?" என்று கேட்டுவைத்தேன். கேட்டிருக்கக் கூடாது. "நாளைக்குக் காலையில அவன் பஸ் ஏறிருவான். மாத்திரை இல்லாம ஊருக்குப் போனா மாசி மாசத்தைப் பார்க்க மாட்டான். இதுல நாளைக்கென்ன, நாளன்னைக்கென்ன?" என்றாள். அவமானத்தில் அவள் கொஞ்சம் குனிந்து உட்காருவாள் என்று எதிர்பார்த்தேன். டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, யாருக்கோ பரிசு கொடுக்கப் போகிற மாதிரி நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

உத்தர வீதியில் டாக்டரின் வீடு. இராப்பத்து உற்சவ நாள் என்பதால் வீட்டில் விருந்தாட்கள். வாசலில் முக்காட்டோடு ஒரு பெண்ணும், கை முழுக்கச் சைக்கிள் மசகோடு நானும் நிற்பதைப் பார்த்து உள்ளேயிருந்து ஒருவர் மாற்றி ஒருவர் எட்டிப்பார்த்தார்கள். டாக்டர் பஞ்சகச்சத்தோடு வெளியே வந்தார்.

"டாக்டர், ஏகாதசி அன்னிக்கு நான் குடுத்த ரிப்போர்ட் தப்பு" என்றாள் கமரு. வணக்கம்கூடச் சொல்லவில்லை. "மஜ்ஜை பிடிக்கலை. இன்னைக்கே மாத்திரை ஆரம்பிக்கணும்." நடந்ததை நாலு வரியில் சொன்னாள்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "என்ன காரியம் பண்ணிட்டேள்! ஒரு வாரம் போயிடுத்தே! பெண்கள் ரத்தம் ஏன் கூடாதுன்னு ஒரு வார்த்தை அவாளுக்குச் சொல்லியிருக்கப்படாதோ?"

"சொல்லியிருக்கணும். சொல்லலை. அது என் தப்பு. ஆனா ரெண்டு நாள் கழிச்சுக் குச்சி இல்லைன்னு நான் சொன்னது சரி. அப்ப நீங்க கேட்டிருக்கணும். அது உங்க தப்பு."

எனக்கு அந்த வாசலிலேயே வியர்த்துவிட்டது. பெரிய டாக்டரிடம் இப்படியா பேசுவது? அவர் அவளையே பார்த்தார். பிறகு அவருடைய தோள் இறங்கியது. "எனக்கு அந்த ஏழு வேண்டியிருந்தது, அம்மா" என்றார் மெதுவாக. "லண்டன்ல நாலு பேருக்குப் பண்ணினோம். ஒண்ணுகூடப் பிடிக்கலை. இது பிடிச்சுடுத்துன்னு நெனச்சுண்டுட்டேன்." உள்ளே போனார். சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். விருந்தாட்களிடம் ஒன்றும் சொல்லாமல் காரை எடுத்தார். திரும்பும்போது நாங்கள் காரில் வந்தோம்.

அன்று மத்தியானமே மாத்திரை ஆரம்பித்தது. வீராயியிடம் யார் சொல்வது என்ற பேச்சு வந்தபோது, "ஏழுன்னு கத்தினது நான்தானே? நானே சொல்றேன்" என்றாள் கமரு. வராந்தாவில் அவிழ்த்துப்போட்ட மூட்டைக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். முதலில் குச்சி எதற்கு, ஆண்கள் ரத்தம் மட்டும் எதற்கு என்று பொறுமையாகச் சொன்னாள். பிறகுதான் மற்றதைச் சொன்னாள்.

"நான்தான் கெடுத்துட்டனா?" என்றாள் வீராயி.

"இல்லை. நீ ரத்தம் குடுத்ததாலதான் பிடிக்காமப் போச்சுன்னு நெனைக்காதே. அது முன்னாடியே பிடிக்கலை. உன் நாத்துல ஒரு குறையும் இல்ல, வீராயி. அந்த மண்ணு ஏத்துக்கலை. அடுத்தவங்க உடம்புல இருந்து வர்றதை உடம்பு ஏத்துக்காது. கூடப்பிறந்தவளா இருந்தாலும் அதுக்கு அடையாளம் தெரியலை. டாக்டருங்களுக்கே இன்னும் அந்த சூட்சுமம் பிடிபடலை."

உள்ளேயிருந்து பிச்சமுத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "அப்ப ஃபெயிலா டீச்சர்?" என்றான்.

"அந்தப் பரீட்சையில ஃபெயில். மாத்திரைப் பரீட்சை இருக்கு. அதை எழுது" என்றாள்.

எழுதினான். மாத்திரையும், அதோடு சேர்த்து டாக்டர் வரவழைத்த இன்னொரு மருந்தும் அவனைப் பதினாலு மாதம் தாங்கின. அதில் பத்து மாதம் ஒர்க்‌ஷாப்புக்கு வேலைக்குப் போனான். எங்கள் கடையில்தான் வாடகைக்குச் சைக்கிள் எடுப்பான். செயின் தளர்ந்திருக்கிறது என்று என்னைத் தள்ளிவிட்டு அவனே ஸ்பேனரை எடுப்பான். கல்யாணப் பேச்சு வந்தபோது தன் நோயைச் சொல்லி வேண்டாம் என்று மறுத்தான். 1964 பங்குனியில் போய்ச்சேர்ந்தான். கமரு அன்று லேப்பில் எல்லா வேலையையும் முடித்துவிட்டு வந்து, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அவனை எங்கள் இருவருக்கும் அவ்வளவு பிடித்திருந்தது.

அதற்கப்புறம் அவள் போட்ட சட்டம் எதுவானாலும் கீழே காரணம் எழுதியிருக்கும். தமிழில், பெரிய எழுத்தில். "சோதனைக்கு வருகிறவர்கள் காப்பி குடிக்காமல் வரவும்" என்ற ஒரு வரிக்குக் கீழே நாலு வரி இருக்கும். வார்டு ஆட்கள் அதைப் படித்துவிட்டுச் சந்தேகம் கேட்கிறார்கள், அவள் உட்கார்ந்து பதில் சொல்கிறாள். வீட்டிலும் காரணம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். முன்பு இருந்ததே தேவலை என்று சில நாள் தோன்றும்.

அவன் இறந்த இரண்டாவது மாதம், வைகாசியில், வீராயி வந்தாள். பொன்மலையில் தம்பி விட்டுப்போன ஸ்பேனர் பெட்டியை வாங்கிக்கொண்டு, அதைத் தலையில் வைத்தபடியே ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்துவிட்டாள். லேப் வாசலில் பெட்டியை இறக்கி வைத்தாள்.

"ஒண்ணு கேக்கணும்மா. அது பிடிக்கலன்னு சொன்னீங்க. சரி. ஆனா அன்னிக்கு ஒரு நாளாச்சும் என் ரத்தம் அவன் உடம்புல ஓடுச்சா? நெசமாவே நீங்க பாத்தீங்களா? இல்ல, எனக்காகச் சொன்னீங்களா?"

கமரு எழுந்துபோய் பழைய கண்ணாடிச் சில்லுகளை அடுக்கிவைக்கிற மரப்பெட்டியைத் திறந்தாள். தப்பான ரிப்போர்ட்டின் கண்ணாடிச் சில்லை வேறு யாராக இருந்தாலும் கழுவிப் போட்டிருப்பார்கள். இவள் வைத்திருந்தாள். மைக்ராஸ்கோப்பில் பொருத்தி, அதன் அடியில் இருக்கிற கண்ணாடியை வெளிச்சத்துக்குத் திருப்பி, கொஞ்ச நேரம் தேடிப் பிடித்தாள். வீராயியைத் தன் ஸ்டூலில் உட்காரவைத்தாள். எந்தக் கண்ணை மூடுவது என்று தெரியாமல் வீராயி இரண்டையும் மூடினாளாம். பிறகு பழகிக்கொண்டாள்.

"ஊதாவா ஒரு கொத்து தெரியுதா? ஓரத்துல குச்சி, முனையில உருண்டை?"

"தெரியுதும்மா."

"அதுதான் நீ. அவன் விரல்ல இருந்து எடுத்தது. இதே மாதிரி ஏழு எண்ணினேன்."

வீராயி நிமிரவே இல்லை. மைக்ராஸ்கோப் லென்ஸில் கண்ணீர் பட்டால் கமரு டாக்டரையே விடமாட்டாள். அன்று விட்டுவிட்டாள்.

"நல்லா கெட்டியாத்தானம்மா இருக்கு?" என்று கேட்டாள் வீராயி, கண்ணை எடுக்காமல்.

"கெட்டிதான், வீராயி. ரொம்பக் கெட்டி."

மறுநாள் காலை சைக்கிளில் கமரு இதைச் சொல்லி முடித்தபோது ஆஸ்பத்திரி வாசல் வந்துவிட்டது. இறங்கி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். கடைக்குத் திரும்பி வந்த பிறகுதான் கவனித்தேன், என் சட்டையின் முதுகுப் பக்கம் நனைந்திருந்தது.